பல்கலைக்கழகம் வெளியேற்றிய பின்னர்: அமெரிக்கச் சமுதாயக் கல்லூரிகள் சொல்லும் பாடம்

பிள்ளைக்குப் பல்கலைக்கழக அனுமதி கிடைத்துவிட்டது என்ற செய்தியை ஊரெல்லாம் சொல்லி மகிழும் பெற்றோரை நாம் நிறையவே கண்டிருக்கிறோம். அதே பல்கலைக்கழகம் இரண்டு வருடங்களின் பின்னர் பிள்ளையை வெளியேற்றிவிட்டது என்று வாய்திறந்து சொல்லும் பெற்றோரைக் காண்பது அரிது. அப்படியான சம்பவங்கள் நடைபெறுவதில்லை என்பது இதன் பொருளல்ல. அவை பேசப்படுவதில்லை என்பதே உண்மை. புலம்பெயர்ந்த எம்மவர் குடும்பங்களிலும் இவ்விடயத்தில் நிலைமை வேறல்ல.

கல்வியில் தோற்று வெளியேற்றப்பட்ட ஒரு மாணவர் மீண்டும் பல்கலைக்கழகத்துக்குள் நுழைவதற்கு அமெரிக்காவில் ஒரு வழி உண்டு. 'கொமியூனிட்டி கொலேஜ்' என்று அங்கு அழைக்கப்படும் சமுதாயக் கல்லூரியே அந்த வழி. அமெரிக்கக் கல்வி முறையில் குறை காண்பதற்கு எத்தனையோ விடயங்கள் இருக்கின்றன. அங்கு அறவிடப்படும் கட்டணமும் மாணவர்கள் சுமக்கும் கடனும் அவற்றுள் முதன்மையானவை. ஆயினும் விழுந்தவர் எழுவதற்கான ஒழுங்கை எழுத்தில் வைத்திருப்பது என்ற ஒரு விடயத்தில் அந்த நாட்டிடம் நாம் கற்றுக்கொள்ள வேண்டியது உண்டு என்பது எனது கருத்து. அந்த ஒழுங்கின் நன்மையையும் அதில் உள்ள ஓட்டைகளையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

முதலில், வெளியேற்றம் எவ்வாறு நிகழ்கின்றது என்பதைப் பார்ப்போம். அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் மாணவரின் பெறுபேறு பொதுவாக 4 என்ற உச்ச அளவைக் கொண்ட தரப்புள்ளிச் சராசரியாகக் கணிக்கப்படுகின்றது. சீ தரத்துக்கு 2 புள்ளி. இளமாணிப் பட்டம் பெறுவதற்குச் சராசரி 2.0க்குக் குறையக் கூடாது என்பது பெரும்பாலான இடங்களில் உள்ள விதி. ஓர் அரையாண்டின் முடிவில் சராசரி அதற்குக் கீழே இறங்கினால் மாணவர் எச்சரிக்கப்பட்டுக் கண்காணிப்பு நிலையில் வைக்கப்படுவார். அடுத்த அரையாண்டிலும் முன்னேற்றம் இல்லையெனில் இடைநிறுத்தம் அல்லது வெளியேற்றம் தொடரும். கால அளவுகளும் பெயர்களும் பல்கலைக்கழகத்துக்குப் பல்கலைக்கழகம் மாறுபடும். ஆனால் நடைமுறையின் எலும்புக்கூடு இதுதான்.

வெளியேற்றப்படுவோர் அறிவிற் குறைந்தவர்கள் அல்லர். போட்டியிட்டு, தெரிவு செய்யப்பட்டு உள்ளே வந்தவர்களே இவர்கள். வீட்டை விட்டு முதல் தடவையாகப் பிரிந்து வந்த தனிமை, செலவுக்காக இரவில் செய்யும் வேலை, வீட்டில் ஒருவரின் நோய், வெளியே சொல்ல முடியாத மனச்சோர்வு, தகப்பனின் விருப்பத்துக்காக எடுத்துக்கொண்ட பொறியியல் அல்லது மருத்துவ முன்பயிற்சி என்று காரணங்கள் பலவாறாக இருக்கும். முதல் வருடத்தில் வேதியியலிலும் கணிதத்திலும் அடுத்தடுத்து வீழ்ந்த ஒரு மாணவர், வேறொரு துறையில் மிகச் சிறப்பாகத் தேறக்கூடியவராக இருப்பதும் உண்டு.

பெற்றோருக்கு இது தாமதமாகவே தெரியவருகின்றது. 1974இல் இயற்றப்பட்ட அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டமொன்றின்படி, உயர்கல்வி நிறுவனத்தில் சேர்ந்த மாணவரின் கல்விப் பதிவுகள் மீதான உரிமை அந்த மாணவருக்கே உரியதாகின்றது. வருமான வரியில் பெற்றோரைச் சார்ந்திருப்பவர் தொடர்பாகச் சட்டம் விதிவிலக்கு அளித்தபோதிலும், பெறுபேறுகளை வீட்டுக்கு அனுப்பிவைக்கும் வழக்கம் பொதுவாக அங்கில்லை. பிள்ளை சொன்னால்தான் பெற்றோர் அறிவர். ஏச்சுக்கும் அவமானத்துக்கும் அஞ்சும் பிள்ளை சொல்வதில்லை. இவ்வாறாக, உதவி தேவைப்படும் மாதங்கள் மௌனத்திலேயே கழிந்து விடுகின்றன.

வெளியேற்றத்தால் பறிபோவது வகுப்பறையில் ஓர் இருக்கை மாத்திரமல்ல. சமஷ்டி அரசாங்கத்தின் நிதியுதவியைப் பெறுவதற்குத் 'திருப்திகரமான கல்வி முன்னேற்றம்' என்ற நிபந்தனை உண்டு. அது தவறினால் உதவி நிறுத்தப்படும். வறிய மாணவர்களுக்கு வழங்கப்படும் பெல் மானியத்தை ஒருவர் தமது வாழ்நாளில் ஏறக்குறைய 12 அரையாண்டுகளுக்கே பெறலாம். தோற்றுப்போன அரையாண்டும் அந்தக் கணக்கில் சேரும். கல்வியை விட்டு ஆறு மாதங்கள் கடந்ததும் பெரும்பாலான சமஷ்டி மாணவர் கடன்களைத் திருப்பிச் செலுத்தத் தொடங்க வேண்டும். இலங்கையிலிருந்து மாணவர் விசாவில் சென்றவர்களுக்கோ பிரச்சினை இன்னும் கடுமையானது. முழுநேரக் கல்வியைத் தொடர்வதே அந்த விசாவின் அடிப்படை என்பதால், வெளியேற்றக் கடிதம் கிடைத்தவுடன் அவர்கள் முதலில் நாட வேண்டிய இடம் பல்கலைக்கழகத்தின் சர்வதேச மாணவர் அலுவலகம்தான்.

இந்த நிலையில் உள்ள ஒருவரைக் கேள்வி கேட்காமல் ஏற்றுக்கொள்ளும் இடம் சமுதாயக் கல்லூரி. அமெரிக்கா முழுவதிலுமாக ஆயிரத்துக்கு மேற்பட்ட இத்தகைய கல்லூரிகள் உள்ளன. பட்டப்படிப்பின் முதல் இரண்டு வருடங்களுக்குரிய பாடங்களும் தொழிற்பயிற்சிகளும் இங்கு கற்பிக்கப்படுகின்றன. பழைய பெறுபேறு எவ்வளவு மோசமானதாக இருப்பினும் பெரும்பாலான கல்லூரிகளில் இடமுண்டு. கட்டணமும் பல்கலைக்கழகக் கட்டணத்திலும் பார்க்க வெகு குறைவு.

இக்கல்லூரிகளின் தோற்றம் சற்று விசித்திரமானது. இன்றுவரை இயங்கிவரும் பொதுக் கல்லூரிகளுள் மிகப் பழையது இலினோய்ஸ் மாநிலத்தின் ஜோலியட் நகரில் 1901இல் ஆறு மாணவர்களுடன் தொடங்கப்பட்டது. அதன் பின்னணியில் இருந்தவர்களுள் ஒருவர் சிக்காகோ பல்கலைக்கழகத்தின் முதலாவது தலைவரான வில்லியம் ரெயினி ஹார்ப்பர். முதலிரு வருடக் கல்வியை வேறிடத்தில் வைத்துவிட்டால், பல்கலைக்கழகம் உயர் ஆராய்ச்சியில் முழுமையாக ஈடுபடலாம் என்பது அவரது எண்ணம். அதாவது, மேலோருக்கு இடையூறின்றி இருப்பதற்காகக் கட்டப்பட்ட முன்மண்டபமே காலப்போக்கில் எல்லோருக்குமான வாசலாக மாறியது.

இரண்டாம் உலகப் போர் முடிந்து இராணுவத்தினர் கல்விச் சலுகைகளுடன் வீடு திரும்பிய காலத்தில், ஜனாதிபதி ட்ரூமன் நியமித்த ஆணைக்குழு 1947இல் தனது அறிக்கையை வெளியிட்டது. 'சமுதாயக் கல்லூரி' என்ற பெயரை நாடெங்கும் பரவச் செய்தது அந்த அறிக்கையே. 1960களில் மாத்திரம் 450க்கு மேற்பட்ட பொதுச் சமுதாயக் கல்லூரிகள் திறக்கப்பட்டன.

எனினும் இந்தக் கல்லூரிகளை ஒரு முழு அமைப்பின் அங்கமாக்கியது கலிபோர்னியா மாநிலம். 1960இல் அங்கு உயர்கல்விக்கான பெருந்திட்டம் ஒன்று நிறைவேற்றப்பட்டது. அதன் பிரதான சிற்பி, கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் அன்றைய தலைவர் கிளார்க் கேர். பாடசாலை மாணவர்களில் முதல் எட்டில் ஒரு பங்கினர் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்துக்கும், முதல் மூன்றில் ஒரு பங்கினர் மாநில அரசுக் கல்லூரிகளுக்கும் தகுதி பெறுவர். ஏனைய எல்லோருக்கும் சமுதாயக் கல்லூரிகள் திறந்திருக்கும். இத்துடன் நின்றிருந்தால் அது வெறும் தரம்பிரிப்பாகவே முடிந்திருக்கும். மேல் வகுப்புகளில் 60 வீதமும் கீழ் வகுப்புகளில் 40 வீதமுமாக மாணவர் தொகை இருக்க வேண்டும் என்றும் திட்டம் விதித்தது. சமுதாயக் கல்லூரியில் இரண்டு வருடங்களை முடித்து வருவோருக்கு மூன்றாம் வருடத்தில் இருக்கைகள் முன்கூட்டியே ஒதுக்கப்பட்டன என்பதே இதன் பொருள். கருணையில் கிடைக்கும் இடத்துக்கும் கணக்கில் ஒதுக்கிய இடத்துக்கும் உள்ள வேறுபாடு பெரிது.

வெளியேற்றப்பட்ட மாணவர் இந்தப் பாதையில் எவ்வாறு நடக்கிறார்? அவருக்கு முன்னால் இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, வெளியேற்றிய பல்கலைக்கழகத்துக்கே மீளச் செல்வது. மற்றையது, சமுதாயக் கல்லூரியில் போதிய கிரெடிட் அலகுகளைச் சேர்த்துக்கொண்டு வேறொரு பல்கலைக்கழகத்துக்கு மாறுவது. இரண்டும் ஒன்றே என்று எண்ணிக் காலத்தை இழப்போர் பலர்.

இங்கு ஒரு சிறு கணக்கைப் பார்ப்போம். 45 அலகுகளை முடித்த ஒருவரின் சராசரி 1.6 எனில், அவர் பெற்ற புள்ளிகள் 72. 2.0 சராசரிக்குத் தேவையானவை 90. ஆகவே 18 புள்ளிகள் கடன். பீ தரம் ஓர் அலகுக்கு மேலதிகமாக ஒரு புள்ளியைத் தரும் என்பதால், 18 அலகுகளில், அதாவது ஏறத்தாழ ஆறு பாடங்களில், பீ பெற்றால் கடன் தீரும். ஆனால் சமுதாயக் கல்லூரியில் பெறும் பீயும் ஏயும் பல பல்கலைக்கழகங்களில் பழைய சராசரிக்குள் சேர்க்கப்படுவதில்லை. அலகு மாத்திரமே சேர்கின்றது. அவ்வாறான இடத்தில் சமுதாயக் கல்லூரிப் பெறுபேறு கடனை அடைக்காது. மாணவர் மாறிவிட்டார் என்பதற்கான சாட்சியாகவே அது நிற்கும். மாறாக வேறொரு பல்கலைக்கழகத்துக்குச் செல்பவர் பெரும்பாலும் புதிய சராசரியுடன் தொடங்குகிறார். எந்தப் பல்கலைக்கழகம் எந்த விதியைப் பின்பற்றுகின்றது என்பதை முதல் பாடத்தில் பதிவு செய்வதற்கு முன்னரே எழுத்தில் கேட்டறிந்து கொள்ள வேண்டும்.

இன்னொரு விடயத்தையும் கூற வேண்டும். பழைய பெறுபேற்றை மறைத்துவிட்டுப் புதிதாக விண்ணப்பிக்கலாம் என்று சிலர் நினைக்கின்றனர். முன்னர் கற்ற எல்லா நிறுவனங்களின் பெறுபேற்றுப் பத்திரங்களையும் சமர்ப்பிக்குமாறு பல்கலைக்கழகங்கள் கோருகின்றன. நாடளாவிய மாணவர் பதிவு நிலையம் ஒன்று 1993 முதல் இயங்கி வருகின்றது. மறைத்தது தெரியவந்தால் கிடைத்த அனுமதியும் இரத்தாகும். நடந்ததைச் சொல்லி, அதற்கான காரணத்தையும் பின்னர் செய்த திருத்தத்தையும் விளக்கும் விண்ணப்பமே நிலைத்து நிற்கக் கூடியது. 'இனிமேல் கடினமாக உழைப்பேன்' என்ற வாக்குறுதியை மேன்முறையீட்டுக் குழுக்கள் ஆயிரம் தடவை வாசித்திருக்கும். வேலை நேரத்தைக் குறைத்தேன், வைத்தியரை நாடினேன், துறையை மாற்றினேன், அதன் பின்னர் பெற்ற பெறுபேறு இது என்று சொல்லக் கூடியவரின் நிலை வேறு.

இந்த வழியே சென்றவர்களைப் பற்றிப் பேசும்போது அப்பிள் நிறுவனத்தின் இணை நிறுவுநர் ஸ்டீவ் வொஸ்னியாக்கின் பெயர் அடிபடுவதுண்டு. கொலராடோப் பல்கலைக்கழகத்தில் முதல் வருடத்தில் கணினியைப் பயன்படுத்திய விதம் தொடர்பில் சிக்கலுக்கு உள்ளான அவர், அங்கிருந்து விலகி, கலிபோர்னியாவில் டி அன்சா என்ற சமுதாயக் கல்லூரியில் கற்று, 1971இல் பேர்க்லியில் சேர்ந்தார். பட்டத்தைப் பெற்றதோ பல வருடங்கள் கழித்து, 1986இல். ஆனால் அவர் பாடங்களில் தோற்று வெளியேற்றப்பட்டவர் அல்லர். அவரைப் போன்ற மேதைகளை உதாரணமாகக் காட்டுவதில் எனக்கு அவ்வளவு உடன்பாடில்லை. மேதைகள் எந்தச் சுவரையும் தாண்டிவிடுவார்கள். ஓர் அமைப்பின் பெறுமதியைச் சாதாரண மாணவர்களைக் கொண்டே அளவிட வேண்டும்.

அவ்வாறு அளவிடும்போது கிடைக்கும் விடை முழுமையான மகிழ்ச்சியைத் தருவதாக இல்லை. கலிபோர்னியாவின் பெருந்திட்டம் நிறைவேறிய அதே 1960இல், பேர்ட்டன் கிளார்க் என்ற சமூகவியலாளர் அதே மாநிலத்தின் சான் ஹோசே நகரிலிருந்த இத்தகைய கல்லூரி ஒன்றை ஆய்வு செய்து ஒரு கட்டுரையை வெளியிட்டார். மாணவரின் உயர்ந்த ஆசைகளை மெதுமெதுவாக ஆறச்செய்து, தோல்வியை அவரே ஏற்றுக்கொள்ளும்படி செய்வதுதான் இக்கல்லூரிகளின் மறைவான பணி என்பது அவர் வாதம். 'ஆறச்செய்தல்' என்ற அந்தக் கருத்தை அவர் எர்விங் கொவ்மன் 1952இல் எழுதிய கட்டுரையொன்றிலிருந்து எடுத்தார். மோசடிக்காரர்கள் தாம் ஏமாற்றிய ஆளைச் சமாதானப்படுத்தி அனுப்பும் உத்தியைப் பற்றிப் பேசுவது அக்கட்டுரை. கடுமையான ஒப்புமைதான். ஆனால் ஒதுக்கிவிடத் தக்கதல்ல.

பிந்திய ஆய்வுகளின்படி, சமுதாயக் கல்லூரியில் சேருவோரில் 100இல் ஏறத்தாழ 80 பேர் இளமாணிப் பட்டம் பெறும் நோக்கத்துடன் வருகின்றனர். அவர்களில் மூன்றில் ஒரு பங்கினரே நான்கு வருடப் பல்கலைக்கழகத்துக்கு மாறுகின்றனர். ஆறு வருடங்களுக்குள் பட்டம் பெறுவோர் 100இல் ஏறக்குறைய 16 பேர். அமெரிக்க நாடாளுமன்றத்தின் கணக்காய்வு அலுவலகம் 2017இல் வெளியிட்ட அறிக்கையில், 2004 முதல் 2009 வரை ஒரு நிறுவனத்திலிருந்து இன்னொன்றுக்கு மாறிய மாணவர்கள் தாம் சேர்த்த அலகுகளில் சராசரியாக 43 வீதத்தை இழந்தனர் என்று மதிப்பிடப்பட்டது. கதவு திறந்திருக்கிறது, உள்ளே சென்றவரை மறுபக்கம் கொண்டுசெல்லும் ஏற்பாடு பல இடங்களில் இல்லை என்பதையே இவ்வெண்கள் காட்டுகின்றன.

அந்த ஏற்பாட்டைச் செய்ய முடியும் என்பதற்கும் சான்று உண்டு. நியூயோர்க் நகரப் பல்கலைக்கழகம் தனது சமுதாயக் கல்லூரிகளில் 2007இல் ஒரு திட்டத்தைத் தொடங்கியது. கட்டணத்தில் மிஞ்சிய தொகை, பாடநூல், பயணச் சீட்டு என்பன வழங்கப்பட்டன. முழுநேரமாகக் கற்க வேண்டும் என்ற நிபந்தனையுடன், குறைந்த எண்ணிக்கையான மாணவர்களைப் பொறுப்பேற்கும் ஆலோசகர் ஒருவர் ஒவ்வொருவருக்கும் அமர்த்தப்பட்டார். குலுக்கல் முறையில் மாணவரை இரு பிரிவாக்கிச் செய்த மதிப்பீட்டில், மூன்று வருடங்களில் டிப்ளோமா பெற்றோர் திட்டத்தில் இருந்தோரில் 40 வீதம். மற்றையோரில் 22 வீதம். மாணவரின் மூளை மாறவில்லை. அவரைச் சுற்றியிருந்த ஏற்பாடு மாறியது.

ஆகவே இரண்டாவது வாய்ப்பு என்று நாம் சொல்வது உண்மையானதாக இருக்க வேண்டுமெனில் மூன்று விடயங்கள் தேவை. மீள வருவதற்கான நிபந்தனை எழுதப்பட்டிருக்க வேண்டும். ஓரிடத்தில் பெற்ற சித்தி மற்றைய இடத்தில் செல்லுபடியாக வேண்டும். வழிகாட்டுவதற்குப் பெயர் குறிப்பிட்ட ஓர் ஆள் இருக்க வேண்டும். அமெரிக்காவில் முதலாவது பெருமளவில் உண்டு. இரண்டாவது அரைகுறையாக உண்டு. மூன்றாவது சில இடங்களில் மாத்திரமே உண்டு.

தோற்றவரை மீள அழைப்பதால் கல்வியின் தரம் வீழ்ந்துவிடும் என்று வாதிடும் கல்விமான்கள் இருக்கின்றனர். இந்த வாதத்தை நான் ஏற்கவில்லை. சமுதாயக் கல்லூரி வழியாக வருபவருக்குத் தேறல் புள்ளி குறைக்கப்படுவதில்லை. மற்றவர் எழுதும் அதே பரீட்சையையே அவரும் மூன்றாம், நான்காம் வருடங்களில் எழுதுகிறார். தரம் என்பது வெளியேறும் வாசலில் காக்கப்பட வேண்டியது. பத்தொன்பது வயதில் ஒருவர் எங்கே இருந்தார் என்பதைக் கொண்டு அதைக் காக்க முடியாது.

இனி எமது நாட்டை நோக்குவோம். 1945இல் இலவசக் கல்வியைக் கொண்டுவந்த நாடு இது. கன்னங்கராவின் பெயரை நாம் நன்றியுடன் உச்சரிக்கின்றோம். ஆயினும் உயர்தரப் பரீட்சையை மூன்று தடவை எழுதிய பின்னர் அந்த வழி மூடப்படுகின்றது. பல்கலைக்கழகத்துள் சென்று தவறியவருக்கோ வழி இன்னும் ஒடுங்கியது. மீளப் பரீட்சை எழுதுபவர் எவ்வளவு சிறப்பாக எழுதினாலும் பல பீடங்களில் சீக்கு மேல் தரம் வழங்கப்படுவதில்லை. ஒரு தடவை பதிவு செய்து இடைநடுவில் விலகியவர் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் ஊடாக மீண்டும் தெரிவாவது பொதுவாக நடைபெறுவதில்லை.

மாற்று நிறுவனங்கள் எம்மிடம் இல்லாமலில்லை. 1980இல் தொடங்கிய திறந்த பல்கலைக்கழகம் உயர்தரச் சித்தி இல்லாதோரையும் அடிப்படைப் பாடநெறி வழியாக ஏற்கின்றது. தொழிற்றகைமை பெற்றோர் பட்டத்துக்குச் செல்லும் பாதையை அமைக்க 2008இல் ஒரு சட்டத்தின் மூலம் இரத்மலானையில் தொழில்நுட்பவியல் பல்கலைக்கழகம் நிறுவப்பட்டது. யாழ்ப்பாணம், மட்டக்களப்பு, திருகோணமலை உட்படப் பல நகரங்களில் உயர் தேசிய டிப்ளோமா கற்பிக்கும் அரச நிறுவகங்கள் உள்ளன. அமெரிக்கச் சமுதாயக் கல்லூரிக்கு எம்மிடையே மிக நெருங்கிய உறவினர் இவைதாம்.

ஆனால் அந்த டிப்ளோமா எங்கே கொண்டுபோய்ச் சேர்க்கின்றது? 2015 ஒக்டோபர் 29ஆம் திகதி, கணக்கியல் உயர் தேசிய டிப்ளோமா மாணவர்கள் தமது தகைமையை வணிகமாணிப் பட்டத்துக்குச் சமமானதாக அங்கீகரிக்குமாறு கோரிக் கொழும்பில் மானியங்கள் ஆணைக்குழுவின் முன்பாக ஆர்ப்பாட்டம் செய்தனர். பொலிஸார் தடியடி நடத்தினர். அந்தக் கோரிக்கை முழுமையாக நியாயமானதா என்பது விவாதத்துக்குரியது. டிப்ளோமாவும் பட்டமும் ஒன்றல்ல என்று சொல்பவருக்கும் ஒரு நியாயம் உண்டு. ஆனால் டிப்ளோமா முடித்தவர் பல்கலைக்கழகத்தின் மூன்றாம் வருடத்தில் சேர்ந்து பட்டத்தைப் பூர்த்தி செய்யலாம் என்ற ஒழுங்கு எல்லாப் பல்கலைக்கழகங்களிலும் இருந்திருக்குமாயின், அப்படியான கோரிக்கையே எழுந்திருக்காது. பாலம் இல்லாத இடத்தில்தான் மக்கள் இரு கரையும் ஒன்றே என்று அறிவிக்கும்படி கேட்பார்கள்.

புதிய கட்டடங்கள் இதற்குத் தேவையில்லை. நிறுவகங்களின் பாடங்களையும் பல்கலைக்கழகப் பாடங்களையும் ஒப்புநோக்கி, எது எதற்குச் சமம் என்ற அட்டவணையை வெளியிடலாம். இரண்டாம், மூன்றாம் வருடங்களில் இடைவிலகல்களால் வெறுமையாகும் இருக்கைகளில் ஒரு பங்கையேனும் இவ்வாறு வருவோருக்கு ஒதுக்கலாம். ஒவ்வொரு பீடமும், வெளியேற்றப்பட்டவர் எவ்வளவு காலத்தின் பின்னர், எத்தகைய பெறுபேற்றுடன் மீள விண்ணப்பிக்கலாம் என்பதைத் தனது கைநூலில் ஒரு பக்கத்தில் அச்சிடலாம்.

பெற்றோருக்கும் சொல்ல வேண்டியது உண்டு. பிள்ளை தோற்றுவிட்டது என்று அறியும் நாளில் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, ஊர் என்ன சொல்லும் என்பதல்ல. என்ன நடந்தது என்பதைக் கேளுங்கள். அதற்கு வரும் விடையைப் பொறுத்தே வைத்தியரா, துறை மாற்றமா, ஒரு வருட வேலையா, சமுதாயக் கல்லூரியா என்பது தீர்மானிக்கப்பட வேண்டும். காரணம் தெரியாமல் அடுத்த தவணைக்குப் பணத்தைக் கட்டினால் அதே பெறுபேறு வேறொரு கடிதத் தலைப்பில் வந்து சேரும்.

ஒரு கல்வி முறை முதலாம் இடம் பெற்றவர்களை எவ்வாறு பாராட்டுகின்றது என்பதைப் பத்திரிகைகள் ஒவ்வொரு வருடமும் படங்களுடன் பிரசுரிக்கின்றன. தவறி விழுந்தவர்கள் எத்தனை பேர், அவர்களுள் எத்தனை பேர் மீள வந்தார்கள் என்ற கணக்கை எமது பல்கலைக்கழகங்கள் வருடந்தோறும் பகிரங்கமாக வெளியிடும் வழக்கம் இல்லை. அந்தக் கணக்கைக் கேட்பதிலிருந்து நாம் தொடங்கலாம்.